எங்கள் பள்ளியின் வார மடலில் பெயர் வராத பிள்ளைகள்

மணியோசை:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு சின்னக் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம், நான்காம் வகுப்புகளை ஒரே அறையில் சேர்த்து நடத்துகிறேன். பள்ளியில் மொத்தம் 63 பிள்ளைகள். வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்குப் போகும் செய்தி மடலை எழுதுவதும் நான்தான். ஒரே தாள், முன்னும் பின்னும். அடுத்த திருப்பலி எப்போது, யார் வாசகம் வாசிக்கிறார்கள், எந்த வகுப்பு என்ன செய்தது, யாருக்குப் பரிசு, இவ்வளவுதான் இருக்கும்.

போன வெள்ளியன்று மடலைக் கொடுத்தபோது ஒரு பையன் இரண்டு பக்கத்தையும் வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தான். பிறகு தலை நிமிர்ந்து, "டீச்சர், என் பேரு எப்ப வரும்?" என்றான். அவன் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. தன் முறை எப்போது என்று வரிசையில் நிற்பவர் கேட்பது மாதிரிதான் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று மாலை வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன ஆண்டின் மடல்களை எல்லாம் எடுத்துப் பெயர் பெயராகக் குறித்தேன். 14 பிள்ளைகளின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. ஒரு மாணவியின் பெயர் 19 முறை வந்திருக்கிறது. அந்தப் பெண் நன்றாகப் பாடுவாள், வாசிப்பாள், வினாடி வினாவில் வெல்வாள். அவள் மேல் குற்றமே இல்லை. ஆனால் அந்த 14 பேரையும் நான் தினமும் பார்க்கிறேன். அவர்கள் பரிசு வாங்குவதும் இல்லை, திட்டு வாங்குவதும் இல்லை.

உங்கள் பள்ளிகளில் இதற்கு என்ன செய்கிறீர்கள்?

தச்சன் மகன்:
டீச்சர், நான் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த பிள்ளைகளுக்கு, மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் மனசு புரிகிறது. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். பரிசு வாங்கிய பிள்ளை அதற்காக உழைத்திருக்கிறது. அது உண்மையான செய்தி. எல்லோர் பெயரும் வர வேண்டும் என்று முறை வைத்துப் போட்டால், அது இன்னொரு வருகைப் பதிவேடாகிவிடும். தன் பெயர் எதற்காக வந்தது என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றும் செய்யாமல் பெயர் வந்தால் அதில் அவர்களுக்கே சந்தோஷம் இருக்காது.

மூவர் அம்மா:
தச்சன் மகன் தம்பி, நீங்கள் சொல்வது பாதிதான் சரி. 'ஒன்றும் செய்யாமல்' என்று நாம் நினைக்கும் பிள்ளைகள் நிஜமாகவே ஒன்றும் செய்யாமலா இருக்கிறார்கள்?

என் மூத்தவன் பெயர் மடலில் அடிக்கடி வரும். நடு மகள் பெயர் வந்ததே இல்லை. முதல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு குட்டிப் பெண் வாசலிலேயே நின்று அழுவாளாம். என் மகள் தினமும் காலையில் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், பையைக் கழற்றி மாட்டிவிட்டு, அப்புறம்தான் தன் வகுப்புக்குப் போவாளாம். இது எனக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் குட்டியின் அம்மா ஆறு மாதம் கழித்து என்னைத் தேடி வந்து நன்றி சொன்னபோதுதான். பள்ளியிலிருந்து யாரும் சொல்லவில்லை. இவளும் வீட்டில் மூச்சுவிடவில்லை. கேட்டால், "அது ஒண்ணும் இல்லம்மா" என்கிறாள்.

எனக்கு அது அந்த ஆண்டின் மிகப் பெரிய செய்தி.

கடுகுவிதை:
மணியோசை டீச்சர், நீங்கள் பதிவேட்டை வைத்து எண்ணிப் பார்த்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. நான் துறவற சபையைச் சேர்ந்தவள். பல ஆண்டுகள் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எண்ணாமல் இருந்த காலத்தில், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறேன் என்று நானும் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர்களின் பாதுகாவலரான புனித ஜான் பாப்டிஸ்ட் டி லா சாலை எல்லோருக்கும் தெரியும். 1950-இல் பன்னிரண்டாம் பயஸ் திருத்தந்தை அவரைப் பாதுகாவலராக அறிவித்தார். அவரும் அவர் தொடங்கிய துறவற சபையின் சகோதரர்களும் சேர்ந்து பள்ளி நடத்தும் முறையைப் பற்றி ஒரு கையேடு உருவாக்கினார்கள். அவர் இறந்த மறு ஆண்டு, 1720-இல் அது அச்சானது. மணி அடிப்பது முதல் எழுதுகோல் பிடிப்பது வரை எல்லாம் அதில் உண்டு. எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒரு பதிவேடு. ஆண்டு முடியும்போது ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் குணத்தையும் எழுதி வைக்க வேண்டும். அடுத்து வரும் ஆசிரியர் அதைப் படித்துப் பிள்ளையைத் தெரிந்துகொள்வார். மதிப்பெண்ணுக்கு அங்கே வேலை இல்லை. பிள்ளை எப்படிப்பட்டவன், எப்படிப் பேசினால் கேட்பான் என்பதுதான் விஷயம். பத்துப் பேரைப் பற்றி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ள முடியாது, ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதியாக வேண்டும்.

அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். ஒரு நோட்டில் எல்லாப் பெயரும் இருக்கும். பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கும். ஒரு பிள்ளையைப் பற்றி நானே கண்ணால் பார்த்த ஒரு விஷயத்தை எழுதினால்தான் கட்டம் நிரம்பும். மாதக் கடைசியில் காலியாக இருக்கும் கட்டங்களைப் பார்ப்பேன். அந்தப் பிள்ளை ஒன்றும் செய்யவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. நான் பார்க்கவில்லை. அடுத்த வாரம் இடைவேளையில் அந்தப் பிள்ளை இருக்கும் பக்கமாகப் போய் நிற்பேன், அவ்வளவுதான். மூன்று நாளில் ஏதாவது கண்ணில் படும்.

தச்சன் மகன் தம்பிக்கும் இதுதான் என் பதில். முறை வைத்துப் பெயர் போட வேண்டாம். முறை வைத்துப் பாருங்கள். பெயர் தானாக வரும்.

மணியோசை:
சிஸ்டர், இதைப் படித்துவிட்டு உடனே ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். 14 பெயரில் ஐந்துக்குத்தான் எழுத முடிந்தது.

இரண்டாம் வகுப்பு அப்பா:
நான் கத்தோலிக்கன் இல்லை. கிறிஸ்தவனும் இல்லை. பள்ளி சின்னதாக இருக்கிறது, ஆசிரியர்கள் பிள்ளைகளின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதற்காக மகனை இந்த மாதிரிப் பள்ளியில் சேர்த்தேன். இன்று வரை அதில் எனக்கு வருத்தம் இல்லை. காலை செபத்தில் அவன் அமைதியாக நிற்கிறான். யாரும் அவனை எதற்கும் வற்புறுத்தியது கிடையாது.

ஆனால் இந்த ஆண்டு ஒன்றைக் கவனித்தேன். அவன் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை வாங்கும் விழா. அதற்காக மூன்று மாதம் வகுப்பில் பாட்டு, பயிற்சி, பேச்சு. அதைப் பற்றி வார மடலில் தொடர்ந்து செய்தி வந்தது. கடைசியில் முதல் பக்கம் முழுக்க வெள்ளை உடையில் பிள்ளைகள் நிற்கும் படம், 'எங்கள் இரண்டாம் வகுப்பு' என்று தலைப்பு. என் மகன் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தான். "நானும் ரெண்டாம் வகுப்புதானேப்பா?" என்றான்.

நான் குறை சொல்ல வரவில்லை. அது உங்கள் திருவிழா. அந்தத் தலைப்பில் மட்டும் ஒரு வார்த்தை மாறியிருந்தால் போதும் என்று தோன்றியது.

தச்சன் மகன்:
அண்ணா, இதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. புதுநன்மைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்பவன் நான். அந்த மாதிரித் தலைப்பை யோசிக்காமல் நானே எழுதியிருப்பேன்.

புதுநன்மைச் செய்தியைச் சின்னதாக்கச் சொன்னால் எனக்கு மனசு வராது. ஒரு காலத்தில் பல இடங்களில் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயது வரைக்கும், சில இடங்களில் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ்தான், விவரம் தெரியும் வயது, அதாவது ஏழு வயதையொட்டி வந்தாலே போதும் என்று கதவைத் திறந்துவிட்டார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இன்று பீடத்தின் முன்னால் நிற்பது அதனால்தான். எங்களுக்கு அது பெரிய நாள், பெரிய எழுத்தில்தான் வர வேண்டும்.

ஆனால் உங்கள் மகனுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது. பிள்ளையைத் தயார் செய்யும் கடமை முதலில் பெற்றோருக்கு, அடுத்துப் பங்குத்தந்தைக்கு என்றுதான் திருச்சபைச் சட்டம் 914 சொல்கிறது. அப்படியென்றால் அது குடும்பத்தின், பங்கின் கொண்டாட்டம். 'நம் பங்கில் புதுநன்மை பெற்றவர்கள்' என்று எழுதினால் முழுப் பக்கம் போட்டாலும் யாரும் விட்டுப்போக மாட்டார்கள். 'இரண்டாம் வகுப்பு' என்று எழுதினால் வகுப்பில் உள்ள அத்தனை பேரும் படத்தில் இருக்க வேண்டும்.

கடுகுவிதை:
தம்பி சொன்னது மிகச் சரி. கத்தோலிக்கப் பள்ளியின் சூழல் எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கல்வி பற்றிய அறிக்கையில் சொன்னபோது, நற்செய்தியின் உணர்வோடு சுதந்திரத்தையும் அன்பையும் சேர்த்தே சொன்னது. அந்த இரண்டும் இல்லாத இடத்தில் சிலுவையை மாட்டி வைத்து மட்டும் பயனில்லை.

இன்னொன்று. பிள்ளைகளோடு சேர்ந்து நிறைவேற்றும் திருப்பலி பற்றி 1973-இல் வந்த வழிகாட்டியில், பிள்ளைகளுக்குப் பலவிதமான பொறுப்புகளைப் பகிர்ந்து கொடுங்கள் என்று இருக்கிறது. இடத்தைத் தயார் செய்வது, பாடுவது, இசைக்கருவி வாசிப்பது, மன்றாட்டு சொல்வது, காணிக்கை கொண்டுவருவது என்று ஒரு பட்டியலே உண்டு. நாம் என்ன செய்கிறோம்? நன்றாக வாசிக்கும் இரண்டு பிள்ளைகளையே ஆண்டு முழுக்க நிறுத்துகிறோம். பீடத்துக்குப் பூ அடுக்கிய பிள்ளையின் பெயரை எந்த மடலிலாவது பார்த்திருக்கிறீர்களா?

மூவர் அம்மா:
பேச்சு வந்ததால் சொல்கிறேன், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பிள்ளைகள் காசு சேர்க்கும் உண்டியலையும் கவனியுங்கள். எந்த வகுப்பு எவ்வளவு சேர்த்தது என்று மடலில் வரிசையாகப் போடுகிறார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை அந்த வரிசையைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்து நிற்கிறது. என் கடைக்குட்டி நின்றாள்.

கடுகுவிதை:
நல்ல வேளையாகச் சொன்னீர்கள் அம்மா. பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே உதவ வேண்டும் என்று 1843-இல் பிரான்சின் நான்சி ஆயர் ஃபோர்பன்-ஜான்சன் பாலர் சபையைத் தொடங்கியபோது கேட்டது தினம் ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபம், மாதம் ஒரு சின்னக் காசு, அவ்வளவுதான். எந்தப் பிள்ளையாலும் கொடுக்க முடிந்தது. ஒன்றை ஒன்று மிஞ்ச வேண்டும் என்ற பேச்சே அதில் கிடையாது. மொத்தமாக எவ்வளவு சேர்ந்தது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று எழுதினால் போதும்.

அகல்விளக்கு:
பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எல்லோரும் பெயர் வர வேண்டும் என்று பேசுகிறீர்கள். பெயர் வரக் கூடாத பிள்ளைகளும் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோர் பிரிந்திருக்கும் குடும்பம். பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று ஒரு தரப்புக்குத் தெரியக் கூடாது என்ற நிலை. மடல் தாளாக மட்டும் இருந்த வரை பிரச்சினை இல்லை. இன்று அதே தாள் படம் பிடிக்கப்பட்டு வாட்ஸ்அப் குழுக்களில் எங்கெங்கோ போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஒரு படத்தால் ஒரு தாய் பிள்ளையை இடம் மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கு மேல் விவரம் சொல்ல மாட்டேன்.

நாங்கள் கடைப்பிடிப்பது இதுதான். ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் சம்மதம் வாங்குகிறோம். பெயருக்குத் தனி, படத்துக்குத் தனி. படம் இருந்தால் அதன் கீழே முழுப்பெயர் போடுவதில்லை. எத்தனை மணிக்கு எந்த வாசலில் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்பதை எழுதுவதே இல்லை. சம்மதம் தராத பெற்றோரிடம் காரணம் கேட்பதில்லை. இது முக்கியம். கேட்டால் சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

சிறுவர் பாதுகாப்புக்கென்றே திருத்தந்தை பிரான்சிஸ் 2014-இல் ஓர் ஆணையம் அமைத்தார். மடல் எழுதும்போதும் அந்தக் கவனம் நமக்கு வேண்டும்.

மணியோசை:
அகல்விளக்கு, மிக்க நன்றி. என் 14 பேரில் ஒரு பிள்ளைக்கு இப்படி ஒரு நிலை இருக்கலாம் என்று இப்போதுதான் உறைக்கிறது. திங்களன்று தலைமையாசிரியையிடம் கேட்கிறேன். அப்படி இருந்தால் பெயர் போடாமலே அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் கையால் இரண்டு வரி எழுதி அனுப்பலாம், இல்லையா?

அகல்விளக்கு:
தாராளமாக. மூடிய உறையில் வைத்து, நேரில் அம்மா கையில் கொடுங்கள்.

பழைய மாணவி:
இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். நான் படித்ததும் இப்படிப்பட்ட ஒரு சின்னப் பள்ளியில்தான். என் பெயர் மடலில் ஒரே ஒரு தடவை வந்தது. அது பரிசுக்காக இல்லை.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது பாட்டி இறந்துபோனார். என்னைத் தினமும் பள்ளிக்கு அழைத்து வந்தவர் அவர்தான். வாசல் கல்லில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளின் செருப்பு வாரைக்கூட மாட்டிவிடுவார். அந்த வார மடலில் ஒரு சின்னக் கட்டத்துக்குள், என் பெயரைச் சொல்லி, அவளுடைய பாட்டி இறைவனடி சேர்ந்தார், நம் பிள்ளைகளை வாசலில் வரவேற்ற அவரை நன்றியோடு நினைக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, குடும்பங்களில் இறந்தவர்களின் பெயரைப் பிள்ளைகளே எழுதிக் கொண்டுவந்து பீடத்தருகில் ஒரு கூடையில் வைத்தோம். என் வகுப்பில் ஏழு பேர் என் பாட்டி பெயரை எழுதியிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பாட்டி இல்லை, என் பாட்டி.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். டீச்சர், இழப்புச் செய்தியை எழுதத் தயங்காதீர்கள். குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். சின்னப் பள்ளியில் ஒரு வீட்டில் நடந்தது எப்படியும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தும் யாரும் பேசாமல் இருப்பதுதான் பிள்ளைக்குக் கஷ்டம்.

வடக்கு வாசல்:
கெட்ட செய்தியைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். என் மகள் படித்த பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. மூடப்போகிறார்கள் என்று வாசலில் பேச்சு. மடலில் மட்டும் எல்லாம் சுகம். விளையாட்டு விழா, குடில் போட்டி, பாதுகாவலர் திருவிழா என்று ஒவ்வொரு வாரமும் சிரித்த முகம். பெற்றோர் பயந்துபோய் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு உண்மையாகவே மூட வேண்டிய நிலை வந்தது. முன்கூட்டியே எங்களைக் கூப்பிட்டு, இத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், இவ்வளவு பேர் வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தால் நாங்கள் நின்றிருப்போம். எல்லோரும் நின்றிருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேராவது நின்றிருப்போம்.

கடுகுவிதை:
உங்கள் வேதனை நியாயமானது. பெற்றோரும் ஆசிரியர்களும் நெருங்கி ஒத்துழைக்க வேண்டும், ஆசிரியர்கள் பெற்றோர் சொல்வதை விருப்பத்தோடு கேட்க வேண்டும், பெற்றோர் சங்கங்களையும் கூட்டங்களையும் ஏற்படுத்தி உயர்வாக மதிக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 796-இலேயே இருக்கிறது. மடல் ஒருவழிப் பாதைதான். கூட்டத்தில்தான் பெற்றோரின் குரல் நமக்குக் கேட்கும். கஷ்டமான செய்தி என்றால் முதலில் கூட்டம், அன்றே மடல் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மறைத்து வைத்து எந்தச் சின்னப் பள்ளியும் பிழைத்து நான் பார்த்ததில்லை.

ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய இத்தாலியக் குரு டான் போஸ்கோவின் இல்லங்களில் இரவு தூங்கப் போகும் முன் சில நிமிடம் பேசும் வழக்கம் உண்டு. 1847 மே மாதம், மழையில் நனைந்து அடைக்கலம் கேட்டு வந்த ஒரு சிறுவனுக்கு அவருடைய அம்மா மார்கரீத்தா படுக்க இடம் கொடுத்துவிட்டுச் சொன்ன நாலு நல்ல வார்த்தையிலிருந்துதான் அது தொடங்கியது என்பார்கள். பிறகு டான் போஸ்கோ அந்த நேரத்தில் அன்றன்று இல்லத்தில் நடந்ததைப் பையன்களிடம் பேசுவார். நாளின் செய்தியை வீட்டுப் பெரியவர் வாயாலேயே கேட்டுவிட்டுப் பிள்ளைகள் தூங்கப் போனார்கள்.

மணியோசை:
ஒரு வாரம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

தலைமையாசிரியையிடம் பேசினேன். 14 பேரில் இருவரின் பெயர் வெளியே வரக் கூடாது என்றார். காரணம் நான் கேட்கவில்லை. மற்றவர்களில் ஒன்பது பேரைப் பற்றி இப்போது என் நோட்டில் ஏதாவது இருக்கிறது. மூன்று கட்டம் இன்னும் காலி. பாடகர் குழுவையும் பரிசுச் செய்தியையும் எடுக்கவில்லை, வழக்கமான இடத்திலேயே வைத்தேன். தச்சன் மகன் சொன்னதற்கும் மதிப்புத் தர வேண்டும் இல்லையா.

பின்பக்கத்தில் 'இந்த வாரம் பார்த்தவை' என்று ஒரு பத்தி தொடங்கினேன். நாலே வரி. ஒருவன் மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தில் சின்னப் பிள்ளைகள் வழுக்காமல் இருக்கச் செங்கல் வரிசை போட்டான். ஒருத்தி மாதா சுரூபத்தின் முன்னால் வாடிய பூவை எடுத்துவிட்டு, யாரும் சொல்லாமலே தினமும் தண்ணீர் மாற்றுகிறாள். இன்னொருவன் நான்காம் வகுப்புக் கணக்கை மூன்றாம் வகுப்புப் பையனுக்கு எனக்குத் தெரியாத ஒரு வழியில் சொல்லிக்கொடுத்தான், அந்த வழி சரியாகவும் இருந்தது. நாலாவது வரி, பெயர் எப்போது வரும் என்று கேட்ட பையனைப் பற்றியது. உடம்பு சரியில்லாமல் வராத நண்பனுக்காகப் பாடத்தைத் தன் கையாலேயே இன்னொரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். மூன்று நாள் பாடம், படம் உட்பட.

மடலை வாங்கியதும் இந்த முறையும் விரல் வைத்துத்தான் தேடினான். பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. ஒன்றும் பேசவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

மூவர் அம்மா:
டீச்சர், காலியான அந்த மூன்று கட்டத்தை விட்டுவிடாதீர்கள். இடைவேளையில் பாருங்கள், முடியாவிட்டால் பிள்ளைகளையே கேளுங்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

இரண்டாம் வகுப்பு அப்பா:
இங்கே படித்த பிறகு எங்கள் பள்ளியில் அந்தத் தலைப்பைப் பற்றி நேரில் சொன்னேன். சிஸ்டர் மகனைக் கூப்பிட்டுப் பேசினார்கள். புதுநன்மை அன்று கோவில் வாசலில் எல்லோருக்கும் பாட்டுத் தாள் கொடுத்தது இவன்தானாம். அது அடுத்த மடலில் வருகிறது. அவனே எங்களிடம் இதைச் சொல்லவில்லை.

மணியோசை:
அண்ணா, ரொம்பச் சந்தோஷம். அகல்விளக்கு, நீங்கள் சொன்ன சம்மதப் படிவத்தின் வாசகத்தை இங்கே போட முடியுமா? பெயருக்கும் படத்துக்கும் தனித்தனியாக என்று சொன்னீர்களே, அது எங்களிடம் இல்லை.

அகல்விளக்கு:
திங்கட்கிழமை அலுவலகம் போனதும் தட்டச்சு செய்து போடுகிறேன்.